டாயில் எழுதாமல் விட்ட மோரியார்ட்டி

2013 மே 16 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ‘எலிமெண்டரி’ தொடரின் முதல் சீசனை இரண்டு எபிசோடுகளை அடுத்தடுத்து ஒளிபரப்பி முடித்து வைத்தது. இன்றைய நியூயார்க்கில் வாழும் ஷெர்லக் ஹோம்ஸ், லண்டனில் கொலையுண்டுவிட்டாள் என்று நம்பியிருந்த தன் காதலி ஐரீன் ஆட்லரை உயிரோடு கண்டெடுக்கிறார். அவளைக் கொன்றவன் என்று அவர் தேடிக்கொண்டிருந்த எதிரியின் பெயர் மோரியார்ட்டி. முதல் எபிசோடு முடியும் தறுவாயில், ஹோம்ஸைக் கொல்லத் துப்பாக்கியோடு நிற்பவனைச் சுட்டு வீழ்த்தும் ஐரீன், நீ தேடும் மோரியார்ட்டி நான்தான் என்கிறாள். தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்கு நான் இங்கே ரசக்குறைவு செய்துவிட்டேன். ஆனால் இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத வழியில்லை.

ஹோம்ஸ் ரசிகர்களில் ஒரு சாராருக்கு இது எரிச்சலூட்டியது. வாட்ஸனை ஏற்கெனவே பெண்ணாக்கியாயிற்று, அடுத்து மோரியார்ட்டியுமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மோரியார்ட்டி என்று முழுமையாகச் செதுக்கப்பட்ட ஒரு பாத்திரம் மூலக் கதைகளில் இருக்கிறது, அதைத்தான் இவர்கள் சிதைக்கிறார்கள் என்பது அது. மூலக் கதைகளைத் திரும்ப எடுத்துப் படித்தால் அந்த அனுமானம் நிற்பதில்லை. ஹோம்ஸ் உண்டு, வாட்ஸன் உண்டு, பேக்கர் தெரு உண்டு. மோரியார்ட்டி மட்டும் பாதிக்கு மேல் வெற்றிடம்.

அந்த வெற்றிடம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆர்தர் கோனன் டாயிலுக்கு ஹோம்ஸ் அலுத்துப் போயிருந்தார். ஸ்ட்ராண்ட் இதழில் 1891 ஜூலையில் முதல் சிறுகதை வெளியான அதே ஆண்டிலேயே, ஹோம்ஸைக் கொன்றுவிடலாமா என்று தன் தாய்க்குக் கடிதம் எழுதினார். தாய் தடுத்தார். வரலாற்று நாவல்களே தன் பெயரைச் சொல்லும் என்று டாயில் நம்பினார். துப்பறியும் கதைகள் அந்த உயர்ந்த வேலையிலிருந்து தன்னைத் திசைதிருப்புவதாக நினைத்தார். 1893இல் சுவிட்சர்லாந்து சென்றபோது மைரிங்கன் ஊருக்கு அருகிலிருக்கும் ரைக்கன்பாக் அருவியைப் பார்த்தார். ஹோம்ஸைப் புதைக்க இடம் கிடைத்துவிட்டது. இனி வேண்டியது தள்ளிவிட ஒரு கை. சாதாரணத் திருடன் கையால் ஹோம்ஸ் சாக முடியாது. அவருக்கு நிகரான மூளையுள்ள ஒருவன் வேண்டும். 1893 டிசம்பர் இதழில் வெளியான ‘ஃபைனல் பிராப்ளம்’ கதைக்காக அப்படி அவசரமாகப் பிறந்தவன்தான் பேராசிரியர் மோரியார்ட்டி. பிறந்த கதையிலேயே இறந்தும் போனான்.

அந்தக் கதையை வில்லனுக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். லண்டனில் நடக்கும் குற்றங்களில் பாதிக்கு அவன்தான் காரணம் என்று ஹோம்ஸ் சொல்கிறார். எந்தக் குற்றம் என்று சொல்வதில்லை. 21 வயதில் ஈருறுப்புத் தேற்றம் பற்றி ஆய்வுரை எழுதி ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவன், குற்ற உலகின் நெப்போலியன், வலையின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிலந்தி என்றெல்லாம் ஹோம்ஸ்தான் வர்ணிக்கிறார். பேக்கர் தெரு வீட்டுக்கு மோரியார்ட்டி வந்து மிரட்டிய புகழ்பெற்ற காட்சிகூட நம் கண்முன் நடப்பதில்லை. நடந்து முடிந்தபின் ஹோம்ஸ் வாட்ஸனிடம் ஒப்பிக்கிறார். வாட்ஸன் தன் கண்ணால் பார்த்ததெல்லாம், ரயில் நகரும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த நெட்டையான ஒரு மனிதனையும், மலைப்பாதையில் வேகமாக நடந்துபோன ஒரு கரிய உருவத்தையும் மட்டும்தான். அருவியோரத்தில் நடந்த சண்டைக்குச் சாட்சியே இல்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜா வருகிறார், வருகிறார் என்று பாடி முடித்ததும் ராஜா திரையை விட்டு வெளியே வராமலே வேடம் கலைத்தது போன்ற ஒரு பாத்திரம் இது.

பிறகு டாயில் சில வண்ணங்களைச் சேர்த்தார். 1914 முதல் 1915 வரை தொடராக வந்த ‘வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் மோரியார்ட்டியின் ஆண்டுச் சம்பளம் 700 பவுண்டு என்கிறார் ஹோம்ஸ். ஆனால் அவன் அறையில் பிரெஞ்சு ஓவியர் கிரூஸ் வரைந்த, அந்தச் சம்பளத்தில் கனவிலும் வாங்க முடியாத ஓர் ஓவியம் தொங்குகிறது. தன் கையாள் கர்னல் மோரானுக்கு அவன் ஆண்டுக்கு 6,000 பவுண்டு கொடுக்கிறான். வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே குற்றவாளியை அடையாளம் காட்டும் இந்தப் பகுதி எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் நாவல் முழுக்க மோரியார்ட்டி ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளில் ஏழில்தான் அவன் பெயரே அடிபடுகிறது. டாயில் இதில் காட்டிய அசட்டையும் ரசிக்கத்தக்கது: ‘ஃபைனல் பிராப்ளம்’ கதையில் பேராசிரியரின் சகோதரர் பெயர் கர்னல் ஜேம்ஸ் மோரியார்ட்டி; பத்தாண்டு கழித்து 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வரும் கதையில் பேராசிரியரின் பெயரும் ஜேம்ஸ் மோரியார்ட்டி. ஒரே வீட்டில் இரண்டு ஜேம்ஸ்! முதல் கதையில் மோரியார்ட்டி பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லும் வாட்ஸன், அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் நாவலில் அவனைப் பற்றி விவரமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

ஆக, மோரியார்ட்டியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பாளர் ஒரு பாத்திரத்துக்கு நடிகர் தேடுவதில்லை. பாத்திரத்தையே அவர்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. வயது, பால், குரல், ஆடை எல்லாம் அதன் பிறகு வருபவை. முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஹோம்ஸுக்கு எது பலவீனம்? அதற்கு விடை தெரிந்த தொடர்களில் மோரியார்ட்டி யாராக வந்தாலும் பொருந்தியிருக்கிறான். விடை தெரியாத இடங்களில் எவ்வளவு நல்ல நடிகரைப் போட்டாலும் தாடி தடவும் கிழவனாகவே நின்றுவிடுகிறான்.

டாயில் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1899இல் அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் ஹோம்ஸ் கதைகளை நாடகமாக்கியபோது, ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று டாயிலைத் தந்தி மூலம் கேட்டார். கல்யாணம் செய்யுங்கள், கொலை செய்யுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. படைத்தவரே இப்படிக் கைகழுவிவிட்ட பிறகு மூலத்துக்கு விசுவாசம் என்ற வாதத்தில் எவ்வளவு பலம் இருக்கும்? அந்த நாடகம்தான் மோரியார்ட்டியை ஹோம்ஸின் நிரந்தர எதிரியாக மேடையேற்றியது. ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பேஜெட் வரைந்த படங்களில் தெரியும் ஒல்லியான, முன்நெற்றி புடைத்த, கறுப்புக் கோட்டு மனிதன் அதற்கு உருவம் தந்தான். 1939இல் ஜார்ஜ் ஸக்கோ, 1942இல் லயனல் ஆட்வில், 1945இல் ஹென்றி டேனியல் என்று ஹாலிவுட்டில் மோரியார்ட்டிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் செத்தால் அடுத்த படத்தில் வேறொரு முகத்தோடு அதே பெயரில் வருவான். எவரும் கணக்குக் கேட்கவில்லை.

மூலத்தை மிகவும் மதித்த தயாரிப்பு என்று பெயர் பெற்றது ஜெரமி பிரெட் நடித்த கிரனாடா தொலைக்காட்சித் தொடர். அங்கும் எரிக் போர்ட்டர் நடித்த மோரியார்ட்டி, டாயில் அவனை வைக்காத ‘ரெட் ஹெடட் லீக்’ கதையிலேயே நுழைக்கப்படுகிறான். காரணம் எளிது. 1985இல் அந்தத் தொடர் அடுத்த எபிசோடில் ஹோம்ஸை அருவியில் தள்ள வேண்டியிருந்தது. அதுவரை பெயரே கேள்விப்படாத ஒருவன் திடீரென்று வந்து தள்ளினால் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாத இதழில் செல்லுபடியான ஒரு தந்திரம் தொலைக்காட்சியில் செல்லுபடியாகவில்லை. விசுவாசத்துக்குப் பேர்போனவர்களே டாயிலின் ஓட்டையை அடைக்க வேண்டி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2010இல் பிபிசியில் ஸ்டீவன் மோஃபட்டும் மார்க் கேடிஸும் உருவாக்கிய ‘ஷெர்லக்’ வந்தபோது பழைய உருவம் முற்றாகக் கைவிடப்பட்டது. மோரியார்ட்டியாக வந்த ஆண்ட்ரூ ஸ்காட்டுக்கு அப்போது வயது 33. பேராசிரியர் பட்டம் இல்லை, நரை இல்லை, கூன் இல்லை. மோரியார்ட்டி என்பது அயர்லாந்துக் குடும்பப் பெயர். டப்ளினில் பிறந்த ஸ்காட் அந்த நாட்டு உச்சரிப்பை மறைக்காமல் பேசினார். விலையுயர்ந்த சூட், பாட்டுப் பாடுவது போல் ஏறி இறங்கும் குரல், ஒரு வாக்கியத்தின் பாதியில் விளையாட்டு வெறியாக மாறும் முகம்.

இதில் நடிப்பைவிடப் புத்திசாலித்தனமானது அறிமுகம். முதல் சீசனின் கடைசி எபிசோடில், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அங்கே வேலை செய்யும் மாலி ஹூப்பரின் காதலனாக, கணினிப் பிரிவில் வேலை செய்யும் ஜிம்மாக அவன் ஹோம்ஸின் முன்னாலேயே வந்து நிற்கிறான். ஹோம்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்து, உடையையும் ஒப்பனையையும் வைத்து ஏதோ ஊகித்து, ஒதுக்கிவிட்டுத் தன் நுண்ணோக்கிக்குத் திரும்பிவிடுகிறார். டாயிலின் வாட்ஸன் மோரியார்ட்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை; இங்கே ஹோம்ஸே பார்த்தும் பார்க்கவில்லை. அதே எபிசோடில் பிணைக்கைதிகளின் உடலில் வெடிகுண்டைக் கட்டி, தன் சொற்களை அவர்கள் வாயால் பேச வைக்கிறான். மற்றவர் வாயால் மட்டுமே அறிமுகமாகும் வில்லன் என்ற டாயிலின் குறைபாடு, இங்கே ஒரு கொடூரமான உத்தியாகிவிடுகிறது. நீச்சல் குளத்தருகே அவன் கடைசியில் நேரில் வரும்போது திரையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. 2012இல் இந்தப் பாத்திரத்துக்காக ஸ்காட்டுக்குச் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா தொலைக்காட்சி விருது கிடைத்தது.

பிபிசி கண்டுபிடித்த பலவீனம் சலிப்பு. வழக்கு இல்லாத நாளில் சுவரைச் சுடும் ஹோம்ஸ்; அதே சலிப்பை மற்றவர் உயிரோடு விளையாடிப் போக்கிக்கொள்ளும் மோரியார்ட்டி. ஹோம்ஸ் ஆலோசனைத் துப்பறிவாளர் என்றால் இவன் ஆலோசனைக் குற்றவாளி. கண்ணாடியில் தெரியும் பிம்பம் என்ற இந்த அமைப்பு அழகானது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பிம்பத்துக்கென்று தனி வாழ்க்கை கிடையாது. பணம், ஆட்சி, பழி, காதல் எதுவும் அவனுக்கு வேண்டாம். ஹோம்ஸ் மட்டும்தான் வேண்டும். எனவே ஹோம்ஸை வீழ்த்தியதும் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகிறது. 2012 ஜனவரியில் ஒளிபரப்பான இரண்டாம் சீசனின் முடிவில் செயிண்ட் பார்த்தலோமியு மருத்துவமனை மொட்டைமாடியில் தன் வாயில் தானே சுட்டுக்கொள்கிறான். அந்தப் பாத்திரத்துக்கு மிகச் சரியான முடிவு அது. தொடருக்கு மிகப் பெரிய நஷ்டமும் அதுதான்.

அடுத்த ஐந்தாண்டுகள் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதிலேயே போயின. 2014இல் மூன்றாம் சீசன் முடியும்போது பிரிட்டனின் எல்லாத் திரைகளிலும் மோரியார்ட்டியின் முகம் தோன்றி, என்னைத் தேடினீர்களா என்று கேட்டது. இரண்டு ஆண்டு காத்திருந்தவர்களுக்கு 2016 புத்தாண்டு நாளன்று விக்டோரியா காலக் கனவு ஒன்று கிடைத்தது. 2017இல் நான்காம் சீசனின் இறுதியில்தான் தெரிந்தது, எல்லாம் அவன் உயிரோடிருந்தபோது பதிவு செய்து வைத்த காணொளிகள் என்று. அவற்றை இயக்கியவள் ஹோம்ஸுக்கு இருப்பதே தெரியாத ஒரு தங்கை. வில்லனின் கவர்ச்சியை விட மனமில்லாமல், அவன் மரணத்தை ஒப்புக்கொள்ளவும் மனமில்லாமல் கதையை இழுத்ததன் விளைவு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியில்தான் ‘எலிமெண்டரி’ எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும். சிபிஎஸ் முதலில் பிபிசி தொடரையே அமெரிக்காவுக்காக மறுஆக்கம் செய்ய அணுகியது என்றும், தங்கள் தொடரின் சாயல் எதுவும் புதிய தொடரில் இருக்காது என்றே எண்ண வேண்டியிருக்கிறது என்றும் பிபிசி தொடரின் தயாரிப்பாளர் சூ வெர்ட்யூ 2012 தொடக்கத்திலேயே பத்திரிகைகளிடம் சொல்லியிருந்தார். நாகரிகமான சொற்களில் வந்த எச்சரிக்கை அது. இரண்டு தொடர்களின் நாயகர்களும் ஏற்கெனவே ஒப்பிடப்பட்டவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை: பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஃபிராங்கன்ஸ்டைனாகவும் அவர் படைத்த உயிராகவும் முறை வைத்து மாறி மாறி நடித்திருந்தார்கள். ஆக, ராபர்ட் டோஹர்ட்டி உருவாக்கிய அமெரிக்கத் தொடர் விலகி நிற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. ஊர் மாறியது, வாட்ஸன் லூசி லியுவாக மாறினார், ஹோம்ஸ் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் ஆனார். இன்னொரு இளம், சூட் போட்ட, கேலி பேசும் ஆண் மோரியார்ட்டி வந்திருந்தால் அது நகலாகவே எண்ணப்பட்டிருக்கும்.

கட்டாயம் மட்டும் காரணமல்ல. தொடரின் அளவும் ஒரு காரணம். பிபிசியின் ஒரு சீசன் என்பது 90 நிமிடப் படங்கள் மூன்று, மொத்தம் நாலரை மணி நேரம். அங்கே வில்லன் வந்த உடனே பற்றி எரிய வேண்டும். சிபிஎஸ் தொடரின் முதல் சீசனில் 24 எபிசோடுகள். விளம்பரம் போக ஏறக்குறைய 17 மணி நேரம். வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு கொலையாளி. அவ்வளவு நேரமும் ஒருவன் வந்து முறைத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் வாரமே சலித்துவிடும். இந்த அமைப்புக்கு ஏற்றது டாயிலின் பழைய வித்தைதான்: வில்லனைக் காட்டாதே, அவன் கையாட்களை மட்டும் காட்டு.

அதைத்தான் செய்தார்கள். 12ஆம் எபிசோடில் எம் என்று மட்டும் அறியப்பட்ட தொடர்கொலையாளியாக வின்னி ஜோன்ஸ் நடித்த செபாஸ்டியன் மோரான் வருகிறான். தன் காதலியைக் கொன்றவன் இவன்தான் என்று ஹோம்ஸ் அவனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யத் தயாராகிறார். அந்தக் கொலை நடந்தபோது தான் சிறையில் இருந்ததாகச் சொல்கிறான் மோரான். அப்போதுதான் மோரியார்ட்டி என்ற பெயர் வெளியே வருகிறது. சீசனின் கடைசிப் பகுதியில் எஃப். முர்ரே ஆபிரகாம் நடித்த இன்னொரு கொலையாளி வருகிறார். ஜன்னல் ஏசி இயந்திரம் தலையில் விழுந்தது போன்ற விபத்துகளாகத் தன் கொலைகளை அமைப்பவர் அவர். அப்புறம் தொலைபேசியில் ஓர் ஆண் குரல். நாம் ஒரு ஆணை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். நடாலி டோர்மர் நடித்த ஜேமி மோரியார்ட்டி பிறகு இதற்குக் காரணம் சொல்கிறாள்: ஒரு பெண்ணிடம் வேலை ஒப்படைக்கத் தயங்கும் வாடிக்கையாளர்களுக்காக ஆண்களை முன்னிறுத்தினாளாம். திரைக்கதையில் இது ஒரு வசதியான விளக்கம்தான். ஆனால் பார்வையாளரின் அதே தயக்கத்தை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது ஒரு புன்னகை வருகிறது.

இந்த மாற்றம் வெறும் அதிர்ச்சிக்காக அல்ல என்று நான் சொல்வதற்குக் காரணம், அது ஹோம்ஸின் காயத்துக்கு உள்ளேயே போய் உட்கார்ந்திருப்பது. ஐரீனின் மரணம்தான் இந்த ஹோம்ஸை ஹெராயினில் தள்ளியது. அந்த மீட்சிக்குத் துணையாகத்தான் ஜோன் வாட்ஸன் நியமிக்கப்பட்டு அவர் வீட்டுக்கு வந்தார். அப்படியென்றால் தொடரின் முதல் காட்சியே மோரியார்ட்டியின் கைவேலை. ஹோம்ஸைப் பற்றி ஆராய்வதற்காகவே காதலியாக நடித்தவள், ஆராய்ச்சி முடிந்ததும் தன் மரணத்தை அரங்கேற்றிவிட்டுப் போயிருக்கிறாள். எதையும் கவனித்துவிடும் மனிதர், தான் நேசித்த ஒருத்தியைக் கவனிக்கத் தவறினார். மீட்கப்பட்ட ஐரீனின் உடலில் முன்பிருந்த மச்சம் ஒன்று முறையாக அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு, கடத்தி அடைத்து வைத்தவர்கள் இவ்வளவு அக்கறையாக மருத்துவம் பார்ப்பார்களா என்று அவர் சந்தேகப்படும் இடம் டாயிலே எழுதியிருக்கக்கூடியது. ஐரீன் ஓவியங்களைச் சீரமைப்பவளாக, மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகலைத் திருப்பித் தருபவளாக இருப்பதும் பொருத்தமே. டாயிலின் பேராசிரியரைக் காட்டிக்கொடுத்ததும் ஓர் ஓவியம்தான்.

பேக்கர் தெரு மிரட்டல் காட்சி இங்கே என்ன ஆகிறது என்று பாருங்கள். மோரியார்ட்டி தேடிப் போய்ப் பேசுவது வாட்ஸனிடம், ஓர் உணவகத்தில். ஹோம்ஸ் ஏன் உன்னைக் கூட வைத்திருக்கிறார் என்று புரியவில்லை, நீ ஓர் அதிர்ஷ்டப் பொம்மை என்பதாக அவள் ஏளனம் செய்கிறாள். அவள் ஹோம்ஸை நேசிக்கிறாள், அதனால்தான் அவரைக் கொல்லாமல் விட்டிருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது அந்த வாட்ஸன்தான். ஹோம்ஸ் மீண்டும் போதையில் விழுந்துவிட்டதாக நாடகமாடி, மருத்துவமனைப் படுக்கையருகே மோரியார்ட்டியை வரவழைத்துப் பிடிப்பதும் வாட்ஸனின் யோசனை. மோரியார்ட்டியின் பெரிய திட்டமான பால்கன் நாட்டு அரசியல் சதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அது ஒரு சாக்கு. ஆனால் வில்லன் தோற்பதற்கான காரணம், நூறாண்டுக்கும் மேலாக யாரும் பொருட்படுத்தாத துணைப்பாத்திரத்தை அவளும் பொருட்படுத்தாததுதான் என்பது மூலக் கதைகளை நன்றாகப் படித்த ஒருவருக்கே தோன்றியிருக்கும்.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். அதைப் பலர் பேசாமல் கடந்துபோகிறார்கள். டாயிலின் ஐரீன் ஆட்லர் வருவது ஒரே கதையில். அவள் குற்றவாளியல்ல, ஹோம்ஸின் காதலியுமல்ல. ஒரு மன்னன் தன்னைத் துன்புறுத்தாமலிருக்கத் தன்னிடமிருந்த புகைப்படத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தான் விரும்பிய வழக்கறிஞரை மணந்து, ஹோம்ஸின் மூக்கை உடைத்துவிட்டு நாட்டைவிட்டே போனவள். அவளுக்கு ஹோம்ஸ் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அந்த அலட்சியம்தான் அவள் பெருமை. பிபிசி அவளை மோரியார்ட்டியின் யோசனையில் நடப்பவளாகவும் கடைசியில் ஹோம்ஸால் காப்பாற்றப்படுபவளாகவும் ஆக்கியது. ‘எலிமெண்டரி’ அவளுக்குப் பெரிய மூளையைக் கொடுத்தது. ஆனால் ஐரீன் என்ற ஒருத்தி இருந்ததே இல்லை என்றாக்கிவிட்டது. மோரியார்ட்டிக்கு ஓர் உயிர் கிடைக்க ஐரீன் தன் உயிரைக் கொடுத்தாள் என்று சொல்லலாம். பெண்களுக்கு இடமளித்த தொடர் என்று இதைப் பாராட்டும்போது, ஹோம்ஸ் உலகின் இரண்டு பாத்திரங்கள் ஒன்றாகி ஒன்று குறைந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தொலைக்காட்சியில் வில்லனுக்கு இன்னொரு பகைவன் உண்டு: நடிகரின் நாட்குறிப்பு. டோர்மர் அந்தக் காலத்தில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரிலும் நடித்துக்கொண்டிருந்தார். 2014 ஜனவரியில் ஒளிபரப்பான இரண்டாம் சீசன் எபிசோடு ஒன்றில் மோரியார்ட்டி திரும்பி வந்தாள். புரூக்ளினில் ரகசியக் காவலில் இருந்தபடி வாட்ஸனின் முகத்தைச் சுவரளவு ஓவியமாக வரைந்துகொண்டிருந்தாள்; அவளுக்கு ஒரு மகள் இருப்பது தெரிந்தது; அந்தக் குழந்தைக்காகத் தப்பி, கடைசியில் தானே சரணடைந்தாள். அதன் பிறகு அவள் நேரில் வரவில்லை. மூன்றாம் சீசனில் வாட்ஸனைக் கொல்லத் துடித்த ஒருத்தி சிறையில் இறந்துகிடக்கிறாள், வாட்ஸனுக்கு மோரியார்ட்டியிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வருகிறது. நான்காம் சீசனில் அவள் அமைப்பை வேறொருவன் நடத்துகிறான். முடிவில் அந்த நாற்காலியில் ஹோம்ஸின் தந்தையே போய் உட்கார்கிறார். வேறு நடிகையைப் போட்டிருக்கலாம், ஹாலிவுட் ஒரு காலத்தில் கூசாமல் செய்ததுதான். இவர்கள் செய்யவில்லை. நடிகை இல்லாத குறையை டாயில் பாணி மறைவாக மாற்றிக்கொண்டார்கள். பெயர் மட்டும் வரும், ஆள் வராது. 2019இல் முடிந்த ஏழாம் சீசனில் புதிய எதிரியாக ஒரு தொழில்நுட்பக் கோடீஸ்வரரைக் கொண்டுவந்து, அவருக்கு ஓடின் ரைக்கன்பாக் என்று அருவியின் பெயரையே சூட்டினார்கள். தரவுகளை வைத்துக் குற்றம் செய்யப்போகிறவர்களை முன்கூட்டியே கண்டறிந்து கொன்றுவிடும் ஒருவர் அவர். காலத்துக்கேற்ற மோரியார்ட்டி அவரே என்று வாதிடலாம். மோரியார்ட்டி என்ற பெயர்தான் இல்லை.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2018இல் ஜப்பானில் வந்த ‘மிஸ் ஷெர்லக்’ தொடரில் ஹோம்ஸும் வாட்ஸனும் பெண்கள். எதிரியும் பெண்தான், அதுவும் வாட்ஸன் மனம்திறந்து பேசும் மனநல ஆலோசகராக. இங்கே கைவைக்கப்பட்டது ஹோம்ஸின் பலவீனத்தில் அல்ல, வாட்ஸனின் பலவீனத்தில். 2025 ஜனவரியில் சிபிஎஸ் தொடங்கிய ‘வாட்ஸன்’ தொடரில், ரைக்கன்பாக்கில் ஹோம்ஸ் இறந்துவிட்டார் என்ற இடத்திலிருந்து கதை தொடங்குகிறது. பிட்ஸ்பர்கில் மரபணு நோய்களுக்கான மருத்துவமனை நடத்தும் வாட்ஸனுக்கு எதிராக வரும் மோரியார்ட்டி, நகைச்சுவை வேடங்களில் அதிகம் பார்க்கப்பட்ட கொரிய அமெரிக்க நடிகர் ராண்டல் பார்க். தாக்குவதற்கு ஏற்ற ஹோம்ஸ் இல்லாதபோது அந்தச் சிலந்தி எதைப் பிடிக்க வலை பின்னும் என்பதுதான் அங்கே கடினமான கேள்வி. முதல் எபிசோடில் அந்த அடக்கமான, பக்கத்து வீட்டுக்காரர் போன்ற முகம் வெளிப்படும்போது தேர்வு சரிதான் என்று தோன்றியது.

இத்தனை மறுஆக்கங்களிலும் அதிகம் தொடப்படாத பகுதி ஒன்று டாயிலிடம் மிச்சமிருக்கிறது. ‘வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் இன்ஸ்பெக்டர் மெக்டொனால்ட், ஹோம்ஸின் சந்தேகத்தைச் சோதிக்கப் பேராசிரியர் மோரியார்ட்டியை நேரில் போய்ச் சந்தித்துவிட்டு வருகிறார். பேச்சு கிரகணங்களின் பக்கம் திரும்பியதாம். பேராசிரியர் ஒரு விளக்கையும் ஒரு பூகோள உருண்டையையும் எடுத்து வைத்து நிமிடத்தில் புரியவைத்தாராம். படிக்க ஒரு புத்தகமும் கொடுத்தாராம். விடைபெறும்போது தோளில் கைவைத்தது ஒரு தந்தை ஆசீர்வதித்தது போல் இருந்ததாம். இன்ஸ்பெக்டருக்கு ஹோம்ஸின் பேச்சில் நம்பிக்கை குறைந்தே போகிறது. கத்தாத, சிரிக்காத, பாடம் நன்றாக நடத்துகிற, போலீஸ்காரருக்கே மரியாதை தோன்றவைக்கிற அந்த ஆசிரியரை இன்றைய பல்கலைக்கழகம் ஒன்றில் வைத்து ஒரு முழு சீசன் எழுதினால், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாணவர்களில் ஒருவர்கூட வரமாட்டார். ஹோம்ஸுக்கு அதைவிடச் சிரமமான வழக்கு இருக்க முடியாது.